ஜானி கேஷின் ரயில் ஓட்டத்தை கிதாரில் கொண்டுவருவது எப்படி

அமெரிக்க கன்ட்ரி இசைப் பாடகர் ஜானி கேஷின் நல்ல பாட்டுகளில் பாதிக்கு மேல் மூன்று கார்டுகளில் (ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்கள்) அடங்கிவிடும். விரல் பழகிய எவரும் ஒரு மாலையில் கார்டுகளைப் பிடித்துவிடலாம். ஆனாலும் வாசித்துப் பார்த்தால் கேஷ் மாதிரி இருக்காது. குறை பெரும்பாலும் வலது கையில்தான்.

1955-ல் மெம்ஃபிஸ் நகரத்து சன் ஸ்டுடியோவில் அவர் பதிவு செய்யத் தொடங்கியபோது குழுவில் டிரம்ஸ் கிடையாது. கேஷின் அக்கூஸ்டிக் கிதார், லூதர் பெர்கின்ஸின் எலக்ட்ரிக் கிதார், மார்ஷல் கிரான்ட்டின் டபுள் பேஸ், அவ்வளவுதான். டிரம்மர் ஹாலண்ட் சேர்ந்தது 1960-ல். அதுவரை அந்தக் குறையை ஈடுகட்டியது ஒரு துண்டுக் காகிதம். கம்பிகளுக்கு இடையில் காகிதத்தைச் செருகி வாசித்தால், ஸ்நேர் டிரம்மில் பிரஷ் உரசுவது போன்ற 'சிக்' சத்தம் வரும்.

முதல் வேலை அந்தக் காகிதம். சாதாரண ஏ4 தாளில் 8 செ.மீ. நீளம், 6 செ.மீ. அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, அகலவாட்டில் பாதியாக மடியுங்கள். கம்பிகளுக்குக் குறுக்கே, ஆறாவதற்கு (தடித்த மேல்கம்பி) அடியில், ஐந்தாவதற்கு மேலே, நான்காவதற்கு அடியில் என்று பாய் முடைவதுபோல் கோத்து வாருங்கள். இடம், ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) பலகை முடிந்து ஒலித்துளை தொடங்கும் ஓரம். அங்கே இருந்தால் இடது கைக்கும் இடைஞ்சல் இல்லை, பிக்கும் (கம்பியை மீட்டும் சிறு தகடு) தட்டாது. கார்டு அடித்துப் பாருங்கள். சுரம் தெளிவாகக் கேட்டு, அதன் மேல் லேசான கரகரப்பு இருந்தால் சரி. சுரமே செத்துப்போனால் தாள் தடிமன் அதிகம். மடிப்பைப் பிரித்து ஒற்றைத் தாளாக வையுங்கள். வாசிக்க வாசிக்கத் தாள் நகர்ந்துகொண்டே போனால் கோத்தது தளர்வு என்று அர்த்தம்.

அடுத்தது நடை, அதாவது ரயில் ஓடுவதுபோல் ஒலிக்கும் தாளம். நான்கு எண்ணிக்கை. ஒன்றில் பேஸ் கம்பி மட்டும்: 'பூம்'. இரண்டில் கீழ்க்கம்பிகள் மூன்றையும் கீழே ஒரு அடி, மேலே ஒரு உரசல்: 'சிக்கா'. மூன்றில் வேறொரு பேஸ் கம்பி. நான்கில் மறுபடி 'சிக்கா'. ஈ கார்டில் பேஸ் ஆறாவது கம்பி திறந்தபடி, பிறகு ஐந்தாவது கம்பி இரண்டாம் ஃப்ரெட். ஏ கார்டில் ஐந்தாவது திறந்தபடி, பிறகு ஆறாவது திறந்தபடி. பி7-ல்தான் சிக்கல். ஐந்தாவது கம்பியின் இரண்டாம் ஃப்ரெட்டில் இருக்கும் நடுவிரலை மூன்றாம் எண்ணிக்கைக்கு ஆறாவது கம்பியின் இரண்டாம் ஃப்ரெட்டுக்குத் தூக்கி வைத்து, உடனே திரும்பக் கொண்டுவர வேண்டும். இதை மட்டும் தனியாக, மெட்ரோனோமில் (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டு வைத்து, பத்து நிமிடம் போட்டுவிட்டு மற்றதற்குப் போங்கள்.

பெரும்பாலோர் தவறுவது மேல்நோக்கிய உரசலில். அதையும் கீழடிக்குச் சமமாக அடித்தால் ரயில் நொண்டும். பிக் ஒன்று அல்லது இரண்டு கம்பிகளைத் தொட்டுவிட்டு வந்தால் போதும். மணிக்கட்டு இறுகினாலும் இதே கோளாறுதான். வேகத்தைக் குறைத்தால்தான் சரியாகும், அழுத்தி அடித்தால் ஆகாது.

இந்த நடைக்கு முதல் பாட்டு 'ஃபோல்சம் பிரிசன் ப்ளூஸ்'. முதல் இரண்டு வரிகள் ஈ, அடுத்து ஏ, திரும்ப ஈ, பிறகு பி7, ஈ-யில் முடிவு. ஈ-யிலிருந்து ஏ-க்குப் போகும்போது நேராகத் தாவாமல், மூன்றாம் எண்ணிக்கையில் ஆறாவது கம்பியின் இரண்டாம் ஃப்ரெட், நான்கில் நான்காம் ஃப்ரெட், அடுத்த ஒன்றில் ஐந்தாவது கம்பி திறந்தபடி என்று பேஸில் படியேறிப் போங்கள். அந்த ஒரு ஏற்றம் வந்ததுமே பாட்டு கேஷ் பாட்டாகிவிடும். 1968 ஜனவரி 13-ல் ஃபோல்சம் சிறையிலேயே பதிவான கச்சேரி வடிவம்தான் புகழ்பெற்றது, கேட்கவும் அதுவே சிறப்பு. (அதில், ரீனோ நகரில் ஒருவனைச் சுட்டதாகப் பாடும் வரிக்கு எழும் ஆரவாரம் பின்னால் ஸ்டுடியோவில் சேர்த்தது.) பழகுவதற்கு மட்டும் 1955 சன் பதிவை வையுங்கள். அதில் டிரம்ஸ் இல்லாததால் கிதாரின் கை வேலை தனியாகக் கேட்கும்.

இரண்டாவது, 1956-ல் வந்த 'ஐ வாக் த லைன்'. நம் கணிப்பில் அவருடைய ஆகச்சிறந்த பாட்டு இதுதான். மெதுவான பாட்டாகத்தான் கேஷ் நினைத்திருந்தார். வேகமாகப் பாடச் சொன்னவர் சன் நிறுவனத்தின் சாம் ஃபிலிப்ஸ். ஐந்து பத்திகள், பத்திக்குப் பத்தி சுருதி மாறும்: ஈ, ஏ, டி, மறுபடி ஏ, கடைசியில் ஈ. ஒவ்வொரு பத்திக்கு முன்னும் அவர் 'ம்ம்ம்' என்று இழுப்பது, அடுத்த சுருதியைப் பிடித்துக்கொள்ளத்தான். நீங்களும் அதை விடாதீர்கள். விட்டால் மூன்றாவது பத்தி கட்டாயம் பிசகும். பத்தி தொடங்குவது அந்தச் சுருதியின் ஐந்தாம் கார்டில் என்பதையும் கவனியுங்கள். ஈ பத்திக்கு பி7, ஏ பத்திக்கு ஈ, டி பத்திக்கு ஏ. வரி பாதியில் போகும்போதுதான் சொந்தக் கார்டுக்கு வந்து உட்காரும். தொடக்கத்திலேயே ஈ பிடித்துவிட்டு 'ஏன் சேரவில்லை' என்று திணறுவது இங்கே வழக்கம்.

கடைசிப் பத்தி முதல் பத்தியேதான், ஆனால் ஒரு ஸ்தாயி கீழே. ஆகவே பாடத் தொடங்குமுன் அந்தப் பத்தியின் அடிச்சுரம் உங்கள் குரலில் நிற்கிறதா என்று பாருங்கள். காற்று மட்டும் வந்தால் காப்போவை (கம்பிகளை அழுத்திச் சுருதியை ஏற்றும் கவ்வி) இரண்டு, மூன்று ஃப்ரெட் ஏற்றுங்கள். பதிவோடு சேர்ந்து வாசிக்க முதல் ஃப்ரெட்டில் காப்போ போட்டுப் பார்த்து, காதால் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

1963-ன் 'ரிங் ஆஃப் ஃபயர்' ஜூன் கார்ட்டரும் மெர்ல் கில்கோரும் எழுதியது. ஜி, சி, டி கார்டுகள் எளிது. ஆனால் ட்ரம்பெட் நுழையும் இடங்களில் தாளம் நான்கு நான்காகச் சீராக ஓடாது. எண்ணிக்கையை நம்பாமல் ட்ரம்பெட் மெட்டை வாயால் பாடிப் பாடி மனப்பாடம் செய்துவிட்டு அப்புறம் கிதாரை எடுங்கள்.

'ஹர்ட்' பாட்டுக்குக் காகிதத்தை உருவிவிடுங்கள், பிக்கும் வேண்டாம். நைன் இன்ச் நெய்ல்ஸ் ராக் குழுவின் ட்ரென்ட் ரெஸ்னர் எழுதியதை 2002-ல், எழுபது வயதில், ரிக் ரூபின் தயாரிப்பில் கேஷ் பாடினார். பத்திகள் ஏ மைனர், சி, டி. அங்கிருந்து ஜி வழியாகப் பல்லவிக்கு ஏறி, ஏ மைனர், எஃப், சி, ஜி. கட்டைவிரலால் பேஸ், மற்ற விரல்களால் ஒவ்வொரு கம்பியாக. எஃப்-க்கு முழு பாரே (ஒரே விரலால் எல்லாக் கம்பிகளையும் அழுத்துவது) வேண்டியதில்லை, கீழ் நான்கு கம்பிகள் போதும். முதல் பல்லவியிலேயே முழு பலத்தோடு அடித்துவிட்டால் இரண்டாவதற்கு ஏற இடமிருக்காது. பதிவைக் கேளுங்கள்: ஒரே பியானோ சுரம் திரும்பத் திரும்ப விழுந்து ஓங்கிக்கொண்டே போகும், குரல் கத்தவே கத்தாது. முதல் பல்லவியைப் பாதி ஒலியில் வைத்து, இரண்டாவதில் மட்டும் கையைத் திறந்துவிடுங்கள். கடைசிச் சொல்லுக்கு முன் கம்பிகளை உள்ளங்கையால் அணைத்துவிட்டு, அந்தச் சொல்லைக் கிதார் இல்லாமல் பாடிப் பாருங்கள்.