கமடோர் 64-க்கு டெர்மினல் புரோகிராம் எடுக்கும்போது இந்தத் தப்பெல்லாம் வேணாம்

பழைய கம்ப்யூட்டர் பைத்தியம் பிடிச்ச பசங்க இப்ப நிறைய பேர் வர்றாங்க, சந்தோஷம்தான். ஆனா வந்தவுடனே எல்லாரும் கேக்குறது ஒரே கேள்வி, "அண்ணா, கமடோர் 64-க்கு பெஸ்ட் டெர்மினல் எது?" கமடோர் 64 ஒரு பழைய வீட்டு கம்ப்யூட்டர், டெர்மினல்ங்குறது மோடம் வழியா அதை இன்னொரு கம்ப்யூட்டரோட பேச வைக்குற புரோகிராம். பெஸ்ட்டுன்னு ஒண்ணு கிடையாது தம்பி. உன்கிட்ட என்ன மோடம் இருக்கு, நீ போய் சேரப்போற பிபிஎஸ் (மோடம்ல கூப்பிட்டு மெசேஜ் படிக்கிற, ஃபைல் இறக்குற இடம்) எந்த புரோட்டோகால்ல, அதாவது எந்த முறையில, ஃபைல் கொடுக்குது, இது ரெண்டும் தெரியாம யாராலயும் பதில் சொல்ல முடியாது. இவங்க ஸ்க்ரீன்ஷாட்டைப் பாத்துட்டு சாஃப்ட்வேர் எடுக்குறாங்க, நாங்களும் அப்படித்தான் எடுத்தோம், அதனாலதான் பாக்கும்போது எரிச்சலா வருது.

கேபிள் லூசா இருக்கு, ரெண்டு பக்கமும் ஸ்பீடு வேற வேற, இந்த மாதிரி தப்பெல்லாம் கொஞ்ச நேரத்துல தானா தெரிஞ்சிடும். அதை விட்டுடறேன்.

மோடம் மாடலைப் பாக்காம புரோகிராம் எடுக்குறது

கமடோர் கம்பெனியே வித்த மோடங்கள் எல்லாம் ஒரே மாதிரி நடந்துக்காது. 1982-ல வந்த விக்மோடம் வேகம் 300 பாட், அதுக்கு டயல் பண்ணவே தெரியாது, நீங்களே போன்ல நம்பர் சுத்தி, அந்தப் பக்கம் கீச்சுனு சத்தம் வந்ததும் ரிசீவர் வயரைப் போன்லேர்ந்து புடுங்கி மோடத்துல சொருகணும். அடுத்து வந்த 1650-ல புரோகிராமே லைனை விட்டு விட்டுப் பிடிச்சு டயல் பண்ணும். 1200 பாட் 1670-தான் ஹேஸ் கம்பெனி 1981-ல ஸ்மார்ட்மோடத்துல கொண்டு வந்த ஏடி கமாண்டை (ஏடி-ன்னு ஆரம்பிச்சு மோடத்துக்கு அடிக்கிற கட்டளை) புரிஞ்சுக்கும். அதனால விக்மோடத்தை மாட்டிட்டு ஏடிடிடி-ன்னு டயல் கமாண்ட் அடிச்சு, பதிலே வரலைன்னு மோடத்தைத் திட்டுறதுல அர்த்தமில்ல. இப்ப கிடைக்கிற வைஃபை மோடம் (போன் லைனுக்கு பதில் இன்டர்நெட்ல பிபிஎஸ்ஸைப் பிடிக்கிறது) பெரும்பாலும் ஏடி கமாண்ட்தான் பேசும், அதனால மோடம் மெனுவுல ஹேஸ் இல்லன்னா 1670-ன்னு வையுங்க, போதும்.

க்யூலிங்க் டிஸ்க் கிடைச்சுதுன்னு அதை பூட் பண்ணிப் பாக்குறவங்களும் உண்டு. 1985-ல ஆரம்பிச்ச குவாண்டம் லிங்க் சேவைக்குன்னே செஞ்ச சாஃப்ட்வேர் அது (பின்னாடி அமெரிக்கா ஆன்லைன்னு பேர் மாத்துனாங்களே, அதே கம்பெனி). அதை வெச்சு மத்த பிபிஎஸ்க்கு போக முடியாது.

80 காலம் (வரிக்கு 80 எழுத்து) ஆசை

மெஷினுக்குன்னு இருக்குறது ஒரு வரிக்கு 40 எழுத்து. நோவாடெர்ம் மாதிரி புரோகிராம் 80 காட்டுதுன்னா ஸ்க்ரீனோட 320 புள்ளி அகலத்தை 80-ஆல வகுத்து, ஒரு எழுத்தை நாலே நாலு புள்ளி அகலத்துல வரைஞ்சு காட்டுதுன்னு அர்த்தம், அதுவும் பழைய டிவில பாத்தா கண்ணு போயிடும். ஸ்க்ரீன் மேல நகர்றதுக்கு 8000 பைட் பிட்மேப்பைத் தள்ளணும், ப்ராசசர் ஓடுறதோ 1 மெகாஹெர்ட்ஸ் பக்கம். ஐபிஎம் பக்கத்து ஆன்சி போர்டுக்கு (பிபிஎஸ்ஸைத்தான் போர்டுன்னு சொல்றேன்) போனா 80 வேணும், ஒத்துக்கிறேன். கமடோர் போர்டுக்குன்னா 40 காலம் கலர் பெட்ஸ்கிதான் (கமடோரோட சொந்த எழுத்துக் குறியீடு), அதுக்கு சிசிஜிஎம்எஸ்-ங்குற டெர்மினல் தாராளம்.

புரோட்டோகால் பாக்காம எடுத்துட்டு, ஃபைலை டெக்ஸ்ட் மாதிரி பிடிக்கிறது

இதுதான் எனக்கு இன்னைக்கும் பத்திக்கிட்டு வர்ற விஷயம்.

ஒரு பையன், ராத்திரி மெசேஜ் போடுறான், "அண்ணா, டிரைவ் போச்சு." என்னடான்னா, பிபிஎஸ்லேர்ந்து ஒரு கேம் இறக்கியிருக்கான், டைரக்டரியில பேர் இருக்கு, பிளாக் கணக்கும் (ஃபைல் அளவு) சரியா இருக்கு, ஓட்டினா மெஷின் அப்படியே ஹேங். டிரைவைக் கழட்டி ஹெட் தொடச்சிருக்கான், வேற டிஸ்க் போட்டுப் பாத்திருக்கான், கடைசியில இன்னொரு 1541 டிரைவே விலைக்கு வாங்கிட்டான், அது என்ன விலை விக்குதுன்னு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். புது டிரைவ்லயும் அதே ஹேங். அப்புறம்தான் எங்கிட்ட வந்தான். எப்படி இறக்கினேன்னு கேட்டா, "என் டெர்மினல்ல பண்ட்டர் மட்டும்தான் இருக்கு, அந்த போர்டுல எக்ஸ்மோடம் மட்டும்தான் இருக்கு, அதனால பஃபரைத் தொறந்து வெச்சு அப்படியே வாங்கிட்டேன்"னு சொல்றான். பண்ட்டர், எக்ஸ்மோடம் ரெண்டும் புரோட்டோகால் பேர், பஃபர்னா வர்றதை டெக்ஸ்ட் மாதிரி பிடிச்சு வைக்கிற மெமரி. டிரைவ் வாங்குறதுக்கு முன்னாடி இதைக் கேட்டிருக்கக்கூடாதா!

என்ன நடந்துச்சுன்னு பாருங்க. கமடோர் பேசுறது பெட்ஸ்கி, வெளி உலகம் பேசுறது ஆஸ்கி, ரெண்டுக்கும் பெரிய எழுத்து சின்ன எழுத்து இடம் மாறி இருக்கும். அதனால டெர்மினல் ஆஸ்கி மோடுல இருக்கும்போது வர்ற ஒவ்வொரு பைட்டையும் மாத்தி வைக்கும், 65-லேர்ந்து 90 வரை இருக்குறது 193-லேர்ந்து 218 ஆயிடும், 97-லேர்ந்து 122 வரை இருக்குறது 65-லேர்ந்து 90 ஆயிடும். லெட்டர் படிக்க இது நல்லது. ஆனா கேம் புரோகிராம்ல 76-ங்குற பைட் எழுத்து இல்ல, அது "இந்த இடத்துக்குத் தாவு"ங்குற ஜம்ப் கமாண்ட். அது 204 ஆயிடுச்சுன்னா ரெண்டு மதிப்பை ஒப்பிட்டுப் பாக்குற கமாண்டா மாறிடும், தாவவே தாவாது. 105 கூட்டல் கமாண்ட், அது 73 ஆனா எக்ஸ்க்ளூசிவ் ஆர்-ங்குற வேற கமாண்ட். ஒரு பைட்டுக்கு பதில் ஒரு பைட்டுதான் வருது, அதனால அளவு பெருசா மாறாது, பிளாக் கணக்கு சரியாவே காட்டும், அதை நம்பித்தான் எல்லாரும் டிரைவைச் சந்தேகப்படுறாங்க.

இதோட 7 பிட் செட்டிங்ல (பைட்டோட எட்டு பிட்டுல ஏழு மட்டும் போறது) இருந்துட்டா கதை முடிஞ்சுது. பேசிக் புரோகிராம்ல பிரிண்ட்டுங்குற வார்த்தையை மெஷின் 153-ன்னு ஒரே பைட்டா சேத்து வைக்குது, கோட்டூ 137, இந்த மாதிரி கீவேர்டு எல்லாமே 128-லேர்ந்து மேல. எட்டாவது பிட் போச்சுன்னா 153 வெறும் 25. எக்ஸ்மோடமும் 8 பிட் இல்லாம ஓடாது. கெர்மிட்தான் 7 பிட் லைன்லயும் சமாளிக்கும், 1981-ல கொலம்பியா யுனிவர்சிட்டில அதைச் செஞ்சதே அந்த மாதிரி லைனை மனசுல வெச்சுத்தான்.

பிபிஎஸ் ஃபைல் மெனுவுக்குப் போய் என்ன புரோட்டோகால் கொடுக்குறாங்கன்னு முதல்ல பாருங்க, அது இருக்குற டெர்மினலை அப்புறம் எடுங்க. வார்ட் கிறிஸ்டென்சன் 1977-ல எழுதின எக்ஸ்மோடம் 128 பைட் பைட்டா அனுப்பி, கூட்டிப் பாத்து, தப்புன்னா திரும்பக் கேக்கும், நடுவுல எந்த எழுத்து மாத்தமும் கிடையாது. ஆனா அதுக்கு ஃபைல் பேரும் தெரியாது, வகையும் தெரியாது. கமடோர் போர்டுகள்ல கனடாக்காரர் ஸ்டீவ் பண்ட்டரோட புரோட்டோகால் இருக்கும், அது ஃபைல் வகையையும் சேத்து அனுப்பும். ரெண்டும் இருக்குற டெர்மினலா எடுத்துட்டா இந்தத் தலைவலியே இல்ல.

எக்ஸ்மோடம்ல இறக்கும்போது வகையை நீங்கதான் சொல்லணும். பிஆர்ஜி-ன்னு (புரோகிராம் ஃபைல்) சொல்ல மறந்து எஸ்ஈக்யூ-வா (டேட்டா ஃபைல்) சேவ் ஆச்சுன்னா, டைரக்டரியில கண்ணு முன்னாடி இருக்குற ஃபைலைப் போய் "ஃபைல் நாட் ஃபவுண்ட்"னு சொல்லும், டிரைவ் லைட்டு மினுக்கும். டிரைவோட எரர் சேனலைப் படிச்சாதான் எரர் நம்பர் 64, ஃபைல் டைப் மிஸ்மேட்ச்னு உண்மை வரும். இது பரவாயில்ல, உள்ள பைட் எல்லாம் நல்லாத்தான் இருக்கும், சின்ன பேசிக் புரோகிராம் எழுதி பிஆர்ஜியா காப்பி பண்ணிக்கலாம். பஃபர்ல பிடிச்சு மாறிப்போனதை அப்படி மீட்க முடியாது, 193-லேர்ந்து 218-க்குள்ள இருக்குறதுல எது முதல்லயே அப்படி இருந்துச்சு, எது மாறி வந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?

இப்ப வைஃபைல திரும்ப இறக்கிக்கலாம், காசு கிடையாது. அமெரிக்காவுல அப்ப வெளியூர் காலுக்கு நிமிஷக் கணக்குல பில்லு. 300 பாட்னா செகண்டுக்கு 30 எழுத்து, 664 பிளாக் டிஸ்க் முழுசா இறக்க ஒன்றரை மணி நேரத்துக்கு மேல ஆகும், அதுக்கப்புறம் ஃபைல் ஓடலைன்னா எப்படி இருந்திருக்கும்னு யோசிங்க.

ஓடிக்கிட்டே டிஸ்க்ல எழுதச் சொல்றது

மோடமும் டிரைவும் ரெண்டுமே இந்த மெஷின்ல சாஃப்ட்வேர் டைமிங்ல ஓடுது, தனியா சீரியல் சிப் கிடையாது. ஒரே சமையல்காரர் பால் பொங்காம பாத்துக்கிட்டே தோசையும் ஊத்துற கதை. டிரைவுக்கு எழுதப்போன நேரத்துல எழுத்து விட்டுப்போகும். புரோட்டோகால்ல இறக்கினா பிளாக்குக்கு பிளாக் நின்னு எழுதிக்கும், டெக்ஸ்ட் மட்டும்னா மெமரி பஃபர்ல வாங்கி, அந்தப் பக்கத்தை நிறுத்திட்டு சேவ் பண்ணுங்க.

ஸ்பீடு நம்பரை நம்புறது

மெஷின் ரோம்ல இருக்குற ஆர்எஸ்-232 ரொட்டீன் (மோடத்தோட பேசுற புரோகிராம்) 1200 பாட் வரைக்கும் சரி, 2400-ல உளறும். அதுக்கு மேல வேணும்னா ஸ்விஃப்ட்லிங்க் மாதிரி கார்ட்ரிட்ஜ், 38400 வரை போகும், ஆனா டெர்மினல்ல அதுக்கு டிரைவர் இருக்கான்னு பாத்துட்டு வாங்குங்க.

பவர் ஆன்ல யூசர் போர்ட்ல சொருகுறது

மோடம் மாட்டுற அந்த போர்ட்டைக் கவனிக்கிற சிஐஏ சிப் போயிடும். பண்ணாதீங்க.

கால் வெயிட்டிங்

லைன்ல இருக்கும்போதே இன்னொரு கால் வருதுன்னு பீப் அடிக்கிற வசதி இது, நிஜ போன் லைன்னா ஆஃப் பண்ணிடுங்க.

டெல்நெட் 255

வைஃபை மோடத்துல எக்ஸ்மோடம் திரும்பத் திரும்ப ஒரே பிளாக்குல நிக்குதுன்னா புரோகிராமை மாத்தாதீங்க. டெல்நெட்ல (வைஃபை மோடம் இன்டர்நெட் வழியா பிபிஎஸ்ஸோட பேசுற முறை) 255-ங்குற பைட்டுக்கு தனி அர்த்தம், டேட்டாவுல வந்தா ரெண்டு தடவை அனுப்பணும், ஒரு பக்கம் அனுப்பி இன்னொரு பக்கம் அதைக் கழிக்கலைன்னா பிளாக் கெட்டுப்போகும். மோடத்தோட டெல்நெட் செட்டிங்கை மாத்திப் பாத்துட்டு, அப்பவும் நின்னா எந்த பிளாக்ல நிக்குதுன்னு எழுதி வெச்சுட்டு வந்து கேளுங்க.