மாநிலப் பேரிடர்த் திட்டத்தில் உங்கள் தெருவைச் சேர்ப்பது எப்படி? நியூஜெர்சியிலிருந்து ஒரு செய்முறை விளக்கம்

2021 செப்டம்பர் 1 அன்று இரவு, ஐடா புயலின் எச்சம் நியூஜெர்சியைக் கடந்தபோது, எங்கள் ஊரில் ரயில் பாலத்துக்கு அடியில் செல்லும் தாழ்வான சாலையில் இரண்டு கார்கள் மூழ்கின. அவற்றில் இருந்தவர்கள் ஜன்னல் வழியே வெளியேறித் தப்பினார்கள். அந்த வெள்ளத்தில் மாநிலம் முழுவதும் 30 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் பலர் இப்படி வாகனங்களில் சிக்கியவர்கள். சாலையை மறிக்கும் தடுப்புப் பலகைகள் வந்து சேர்வதற்குள் மழையே ஓய்ந்துவிட்டது. ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த அம்மா, ஆங்கில எச்சரிக்கையோடு அலறிக்கொண்டிருந்த கைப்பேசியை என்னிடம் நீட்டி, "இது என்னம்மா சொல்லுது?" என்று கேட்டார்.

அந்தச் சாலையைப் பேரிடர்த் திட்டத்தில் ஒரு வரியாகச் சேர்க்க எனக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின. வழி தெரிந்திருந்தால் சில மாதங்களில் முடிந்திருக்கும். நான் தடுமாறிய இடங்களில் நீங்களும் தடுமாற வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். உங்கள் டவுன்ஷிப் (ஊராட்சி) எது, கவுன்டி (மாவட்டம் போன்றது) எது என்பது உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதல் படி: எந்தத் திட்டத்தோடு பேசுகிறோம் என்பதை முடிவு செய்யுங்கள்

என்னை நீண்ட காலம் முடக்கிப் போட்டது இந்தப் படிதான். "அவசரகாலத் திட்டம்" என்ற ஒன்றே ஒன்று இருக்கிறது என்று நினைத்து, பொது ஆவணங்களைக் கேட்டுப் பெறும் மாநிலச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தேன். ஏழு வேலை நாள்களுக்குள் மறுப்பு வந்தது. பொதுமக்களுக்கு இதில் இடமில்லை என்று நானே முடிவு கட்டி, பல மாதங்கள் சும்மா இருந்துவிட்டேன்.

நான் கேட்டது அவசரச் செயல்பாட்டுத் திட்டம். பேரிடர் நிகழும் நேரத்தில் யார் எங்கே செல்வது, யார் யாருக்குக் கட்டளையிடுவது, எந்தக் கட்டடத்தை எப்படிக் காப்பது என்பதெல்லாம் அதில் இருப்பதால், பாதுகாப்புக் காரணத்தைச் சொல்லி அதைத் தர மறுக்கச் சட்டமே இடம் கொடுக்கிறது. அந்த விலக்கு நியாயமானது என்றே இன்றும் கருதுகிறேன். நான் கேட்டிருக்க வேண்டியது பேரிடர் தணிப்புத் திட்டம். அதாவது, அடுத்த பேரிடர் வருவதற்கு முன்பே எதைக் கட்டுவது, எதை மாற்றுவது என்று சொல்லும் திட்டம். 2000ஆம் ஆண்டின் பேரிடர் தணிப்புச் சட்டத்தின்படி, ஃபீமா எனப்படும் கூட்டாட்சி அவசரகால மேலாண்மை முகமையின் ஒப்புதல் பெற்ற இத்திட்டம் இல்லாத உள்ளாட்சிக்குத் தணிப்புப் பணிகளுக்கான கூட்டாட்சி நிதி கிடைக்காது. இதை ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வரைவு உருவாகும்போதும், ஒப்புதலுக்கு முன்பும் பொதுமக்கள் கருத்துச் சொல்ல வாய்ப்பளிக்க வேண்டும் என்பது கூட்டாட்சி விதி. பக்கத்து ஊர்கள், வணிகர்கள், கல்வி நிறுவனங்கள், இலாப நோக்கற்ற அமைப்புகள் ஆகியோருக்கும் அந்த வாய்ப்பைத் தர வேண்டும் என்று அதே விதி சொல்கிறது.

நியூஜெர்சியில் இருப்பவை 21 கவுன்டிகள். கவுன்டிதான் திட்டத்தைத் தயாரிக்கிறது. ஒவ்வொரு ஊருக்கும் அதில் தனி இணைப்பு, அதாவது அந்த ஊருக்கென்றே ஒரு பகுதி, உண்டு. மாநிலத் திட்டம் தயாராகும்போது கவுன்டித் திட்டங்களில் பதிவான அபாயங்களையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். ஆகவே மாநில அலுவலகத்துக்கு நேரே மனு அனுப்புவதைவிட, உங்கள் ஊரின் இணைப்பில் ஒரு வரியைச் சேர்ப்பதே மாநிலத்தை எட்டும் உறுதியான பாதை.

உங்கள் கவலை வெள்ளமல்ல, அருகிலுள்ள இரசாயனக் கிடங்கு என்றால், செல்ல வேண்டிய இடம் உள்ளூர் அவசரத் திட்டக் குழு. இக்குழுக்கள் பிறந்த கதை நம்மவர்கள் அறிந்திருக்க வேண்டியது. 1984 டிசம்பரில் போபாலில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து நச்சுவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில், மேற்கு வர்ஜீனியாவின் இன்ஸ்டிட்யூட் என்ற ஊரில் அதே நிறுவனத்தின் ஆலையில் ஒரு கசிவு ஏற்பட்டது. அதன் பிறகே, 1986இல், ஆலைகள் வைத்திருக்கும் ஆபத்தான இரசாயனங்களை அறியும் உரிமையை அமெரிக்க மக்களுக்குத் தரும் சட்டம் வந்தது. தீயணைப்பு, காவல், மருத்துவமனை, ஊடகம், ஆலை உரிமையாளர்கள் ஆகியோரோடு சமூக அமைப்புகளின் பிரதிநிதிகளும் இக்குழுவில் இருக்க வேண்டும் என்று அச்சட்டம் கட்டாயமாக்கியது. குழு பொதுக்கூட்டம் நடத்த வேண்டும். மக்கள் சொல்லும் கருத்துக்குப் பதில் தரவும் வேண்டும். போபால் மக்கள் உயிரைக் கொடுத்ததன் பேரில் இங்கே கிடைத்த இந்த இருக்கைகள் பல ஊர்களில் நிரப்பப்படாமலே கிடப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

இரண்டாம் படி: ஒருங்கிணைப்பாளருக்கு எழுதுங்கள்

நியூஜெர்சியில் ஒவ்வொரு ஊருக்கும் அவசரகால மேலாண்மை ஒருங்கிணைப்பாளர் ஒருவர் உண்டு. பெரும்பாலும் அவர் ஒரு காவல் அதிகாரியாகவோ தீயணைப்பு அதிகாரியாகவோ இருந்து, இதைக் கூடுதல் பொறுப்பாகப் பார்ப்பவர். ஆகவே கடிதம் சுருக்கமாக இருக்கட்டும். தற்போதைய தணிப்புத் திட்டம் எப்போது காலாவதியாகிறது, அடுத்த புதுப்பிப்புக்கான முதல் கூட்டம் எப்போது, உள்ளூர்க் குழுவில் காலி இடம் இருக்கிறதா என்ற மூன்றை மட்டும் கேளுங்கள். காலாவதித் தேதிதான் மிக முக்கியம். திட்டம் நிறைவேறிய பிறகு அனுப்பும் கருத்து, அடுத்த சுற்று வரை கோப்பில் கிடக்கும்.

மூன்றாம் படி: உங்கள் ஊரின் இணைப்பைப் படியுங்கள்

கவுன்டித் திட்டம் மிகப் பெரியது. அதை முழுவதும் படிக்க வேண்டியதில்லை. உங்கள் ஊரின் இணைப்பில், கடந்த பேரிடர்களின் பட்டியலையும் தணிப்பு நடவடிக்கைகளின் அட்டவணையையும் மட்டும் பாருங்கள். எங்கள் இணைப்பில் 2012இன் சாண்டி புயல் விரிவாக இருந்தது. எங்கள் பாலத்தடிச் சாலையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

நான்காம் படி: ஆதாரம் சேருங்கள்

ஃபீமாவின் வெள்ள வரைபடத்தை முதலில் பாருங்கள், ஆனால் அதோடு நிற்காதீர்கள். அது ஆறும் கடலும் கரை மீறும் இடங்களைக் காட்டுவது. கனமழையில் வடிகால் கொள்ளாமல் தெருவில் தேங்கும் நீரை அது காட்டுவதில்லை. "உங்கள் சாலை வெள்ள மண்டலத்தில் இல்லையே" என்ற பதில் எனக்கு வந்தபோது நான் திகைத்து நின்றதற்குக் காரணம், இந்த வேறுபாடு எனக்குத் தெரியாததுதான். இப்போது யாராவது அப்படிச் சொன்னால், தேதியும் நேரமும் பதிவான படங்களையும் அன்றைய மழை அளவையும் முன்னே வைக்கச் சொல்வேன்.

மழை அளவுக்கு நான் நம்புவது கோகோராஸ் என்ற தன்னார்வலர் வலையமைப்பை. 1997இல் கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸ் நகரில் ஏற்பட்ட திடீர் வெள்ளத்துக்குப் பின் தொடங்கப்பட்டது இது. ஒரே ஊருக்குள் தெருவுக்குத் தெரு மழை வேறுபடும் என்ற பாடம்தான் அதன் அடிப்படை. நான்கு அங்குல விட்டமுள்ள மழைமானி ஒன்றை வாங்கிப் பின்புறத் தோட்டத்தில் வைத்து, தினமும் காலையில் அளவைப் பதிவு செய்தால் போதும். கைப்பேசிச் செயலிகளில் காட்டும் மழை அளவை நான் ஆதாரமாக வைப்பதில்லை. அதில் எது அளந்தது, எது கணித்தது என்று தெரிவதில்லை.

ஐந்தாம் படி: குறையை நடவடிக்கையாக எழுதுங்கள்

என் முதல் கடிதம் மூன்று பக்கம். அன்றிரவு நடந்ததையெல்லாம் எழுதி, "உடனே ஆவன செய்ய வேண்டும்" என்று முடித்திருந்தேன். கனிவான பதில் வந்தது, வேறொன்றும் நடக்கவில்லை. அட்டவணையைப் படித்த பிறகே காரணம் புரிந்தது. அதில் ஒவ்வொரு வரியிலும் சிக்கல், இடம், தீர்வு, பொறுப்பான துறை, தோராயச் செலவு, காலக்கெடு, நிதி வரும் வழி ஆகியவை இருந்தன. திட்டம் தயாரிப்பவர் என் மூன்று பக்கத்திலிருந்து இவற்றைத் தேடி எடுக்க வேண்டும் என்று நான் எதிர்பார்த்திருக்கிறேன். அடுத்த முறை அனுப்பியது ஒரே ஒரு பக்கம்:

"ரயில் பாலத்தடிச் சாலையில் கனமழையின்போது நீர் தேங்கி வாகனங்கள் மூழ்குகின்றன. தீர்வு ஒன்று: இருபுறமும் மடக்கித் திறக்கும் நிரந்தரத் தடுப்புகளை அமைத்து, மழை எச்சரிக்கை வந்தவுடன் மூடுவது. தீர்வு இரண்டு: நீர்மட்டத்தை உணர்ந்து ஒளிரும் எச்சரிக்கைப் பலகை. தீர்வு மூன்று: வடிகாலைப் பெரிதாக்குவதற்கான பொறியியல் ஆய்வு. பொறுப்பு: பொதுப்பணித் துறை, காவல் துறை, ரயில் பாலத்தின் உரிமையாளர்."

செலவை நான் எழுதவில்லை. தெரியாத தொகையை ஊகித்து எழுதுவதைவிட, அதைப் பொறியாளருக்கு விட்டுவிடுவதே நேர்மை. சிறிய தீர்வும் பெரிய தீர்வும் சேர்ந்தே இருக்கட்டும். தணிப்பு நிதியில் கூட்டாட்சியின் பங்கு பொதுவாக 75 விழுக்காடு வரைதான்; மீதியை உள்ளூரோ மாநிலமோ ஏற்க வேண்டும். பெரிய பணி மட்டும் இருந்தால், பணம் இல்லை என்ற ஒரே பதிலில் எல்லாம் நின்றுவிடும்.

இணையவழிக் கணக்கெடுப்புப் படிவம் ஒன்றும் வரும். அதையும் நிரப்புங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். "வெள்ளத்தைப் பற்றி நீங்கள் எவ்வளவு கவலைப்படுகிறீர்கள்?" என்ற கேள்விக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் தரும் இடத்தில், பாலத்தின் பெயரை எழுத முடியாது. பிடிஎஃப் கோப்பாக ஒரு பக்கக் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பி, பெற்றுக்கொண்டதாகப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: மற்றவர்களையும் அழைத்துச் செல்லுங்கள்

திட்டத்தில் பங்கேற்க வேண்டியவர்களை ஆங்கிலத்தில் ஸ்டேக்ஹோல்டர் என்பார்கள். அதைத் தமிழில் பங்குதாரர் என்றால் பங்குச்சந்தை நினைவுக்கு வருவதால் நான் அச்சொல்லைத் தவிர்க்கிறேன். வெள்ளம் வந்தால் நனைபவர்களும், அப்போது உதவ வேண்டியவர்களும் என்று சொன்னால் எளிதில் விளங்கும். அந்தச் சாலை வழியாகப் பள்ளிப் பேருந்து ஓட்டும் ஒருவர், ஓரத்தில் கடை வைத்திருப்பவர், வார இறுதியில் தமிழ்ப்பள்ளி நடத்தும் ஆசிரியை ஆகிய மூவர் என்னோடு கையெழுத்திட்டார்கள். வழக்கமான பாதை அடைபட்டால் பேருந்து எந்த வழியில் திரும்பும் என்று ஓட்டுநர் சொன்னதை, நான் பத்து ஆண்டுகள் அங்கே வாழ்ந்தும் அறிந்திருக்கவில்லை.

உங்கள் ஊர் நிர்வாக மன்றத்தின் கூட்டத்திலும் கருத்தைச் சொல்லலாம்; பேசுவதற்கு ஊருக்கு ஊர் நேர வரம்பு உண்டு. எழுதியதைப் படித்து முடித்து, பிரதியை எழுத்தரிடம் கொடுத்துவிடுங்கள்.

இதைப் படித்தவர்கள் கேட்டதால் சேர்த்தவை

எச்-1பி விசாவில் இருப்பவர் பேசலாமா என்று பலர் கேட்டார்கள். பேசலாம். கருத்துச் சொல்வதற்குக் குடியுரிமையோ சொந்த வீடோ தேவையில்லை.

டெக்சாஸிலிருந்து ஒருவர், தம் பகுதி எந்த நகராட்சியிலும் சேராதது, யாரை அணுகுவது என்று கேட்டார். அங்கே கவுன்டிக்கு அவசரகால மேலாண்மை இயக்குநர் கவுன்டி நீதிபதிதான். பெயரில் நீதிபதி என்றாலும் அவர் கவுன்டி நிர்வாகத்தின் தலைவர். அவருடைய அலுவலகத்திலிருந்து தொடங்குங்கள்.

கோயில் நிர்வாகிகள் சிலர் வெள்ளத்தைவிடத் தாக்குதலைப் பற்றியே அஞ்சுவதாக எழுதினார்கள். அது வேறு அலுவலகம். நியூஜெர்சியில் அவசரகால மேலாண்மை மாநிலக் காவல் துறைக்குள் இருக்கிறது. 2006இல் உருவான உள்நாட்டுப் பாதுகாப்பு மற்றும் ஆயத்த அலுவலகம் தனியானது. வழிபாட்டுத் தலங்களுக்கான கூட்டாட்சிப் பாதுகாப்பு நிதிக்கு அந்த அலுவலகத்தின் வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் கட்டடத்தின் பலவீனங்களை முதலில் எழுத்தில் மதிப்பிட்டு வைத்திருங்கள். அது இல்லாத விண்ணப்பம் நிற்காது.

முதியோரைப் பற்றியும் கேட்டிருந்தார்கள். நியூஜெர்சியில் ரெஜிஸ்டர் ரெடி என்ற இலவசப் பதிவேடு இருக்கிறது. பேரிடரின்போது தாமாக வெளியேற இயலாதவர்களைக் குடும்பத்தினரே அதில் பதிவு செய்யலாம். விவரங்கள் இரகசியமாகக் காக்கப்படும்.

எங்கள் இணைப்பில் இப்போது அந்தச் சாலை மூன்று தீர்வுகளோடும் இருக்கிறது. மடக்குத் தடுப்புகள் வந்துவிட்டன. வடிகால் ஆய்வு இன்னும் தொடங்கவில்லை; ஆண்டுதோறும் நடக்கும் திட்ட மதிப்பாய்வில் அதன் நிலையை எழுத்தில் கேட்டு வருகிறேன். எச்சரிக்கையின் சாரத்தைத் தமிழ் உட்படப் பிற மொழிகளில் முன்கூட்டியே எழுதி வைத்து, கோயில்கள், தமிழ்ப்பள்ளிகள் ஆகியவற்றின் வாட்ஸ்அப் குழுக்களுக்கு ஒருங்கிணைப்பாளரே அனுப்பும் ஏற்பாட்டை, அடுத்த புதுப்பிப்புக்கான நான்காவது நடவடிக்கையாக எழுதி அனுப்பியிருக்கிறேன்.