மதுரையிலிருந்து பழைய பந்தயப் பாய்மரப் படகு வாங்குவோருக்கு

மதுரையில் குடியிருந்துகொண்டு பாய்மரப் பந்தயத்துக்குப் படகு தேடுபவர், கரையோரத்தில் வீடு வைத்திருப்பவரைப் போலப் பெரிய படகுகளுக்கு ஆசைப்படுவதில் பயனில்லை. வைகையில் மணல் தெரியாத நாள்கள் குறைவு. வண்டியூர் தெப்பக்குளம் நிறைந்திருந்தாலும் அது சுவாமியின் தெப்பத்துக்கு உரியது. தேவிபட்டினம், மண்டபம், தூத்துக்குடி என்று எந்தப் பக்கம் போனாலும் நூறு கிலோமீட்டருக்கு மேல் படகை வண்டியில் கொண்டுபோயாக வேண்டும். ஆகவே ஒருவரே ஓட்டக்கூடியதும் இரண்டு பேர் தூக்கி ஏற்றக்கூடியதுமான லேசர் வகைப் படகே இங்குள்ளவருக்குப் பொருந்தும் என்பது என் கருத்து.

இந்த வகைக்கு 2019 முதல் ஐ.எல்.சி.ஏ. என்று பெயர். சுமார் 4.2 மீட்டர் நீளமும், பாய்மரம், நீருக்குள் இறங்கும் பலகைகள் எதுவும் சேராமல் சுமார் 59 கிலோ எடையும் கொண்ட இப்படகு 1996 முதல் ஒலிம்பிக்கில் இடம்பெற்று வருகிறது. டோக்கியோ போட்டியில் இந்தியாவுக்காக நேத்ரா குமணனும் விஷ்ணு சரவணனும் ஓட்டியது இவ்வகையைத்தான். இருவரின் பாய்தான் வேறு, படகின் உடல் ஒன்றே. 7.06, 5.76, 4.7 சதுர மீட்டர் என்று மூன்று அளவுகளில் பாய் உண்டு; பாய்மரத்தின் கீழ்த்துண்டையும் பாயையும் மாற்றினால் அதே படகை எண்பது கிலோ எடையுள்ள தந்தையும் ஐம்பது கிலோ எடையுள்ள மகளும் மாறி மாறி ஓட்டலாம். விற்பவரிடம் எந்த அளவுப் பாய் இருக்கிறது என்பதை முதல் தொலைபேசிப் பேச்சிலேயே கேட்டுவிட வேண்டும்.

சென்னை, மும்பை, ஐதராபாத் போன்ற ஊர்களில் உள்ள பாய்மரப் படகுக் கழகங்களைச் சுற்றியே இத்தகைய பழைய படகுகள் விலைக்கு வருகின்றன. ஐதராபாத்தில் உசேன் சாகர் ஏரியில் ஓடிய படகுக்கு உப்புநீர் படாததால் அலுமினியப் பகுதிகள் அரிக்காமல் இருக்க வாய்ப்பு அதிகம். எங்கிருந்து வந்தாலும், படகின் மேலுள்ள வரிசை எண்ணும் பாயில் உள்ள எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது நல்லது. ஒத்துப்போகாவிட்டால் படகு மோசம் என்று பொருளில்லை. பாய் வேறு படகிலிருந்து வந்திருக்கலாம். காரணத்தை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பந்தயப் படகில் பணம் போகும் இடம் எடை. உள்ளே தண்ணீர் புகுந்து ஊறிய படகு வெளியே எவ்வளவு பளபளத்தாலும் மற்றவற்றின் பின்னால்தான் வரும். எனவே தொங்குதராசு ஒன்றைக் கொண்டுபோய், முன்னும் பின்னும் தனித்தனியாகத் தூக்கி எடைபோட்டுக் கூட்டிப் பார்க்க வேண்டும். 59 கிலோவுக்கு மேல் நான்கைந்து கிலோ கூடுதலாக வந்தாலே தயங்கலாம். பிறகு மேல்தளத்தில் உட்காரும் இடத்தை இரு உள்ளங்கைகளாலும் அழுத்த வேண்டும். பழைய படகில் சிறிது அசைவு இருப்பது இயல்பு. ஓரிடம் மட்டும் மெத்தென்று அமுங்கி, விரல் முட்டியால் தட்டும்போது அங்கே ஓசை மந்தமாக வந்தால், கண்ணாடி இழைக்கும் உள்ளே உள்ள நுரைக்கும் இடையில் பிடிப்பு விட்டிருக்கிறது.

எல்லாவற்றிலும் முக்கியமானது பாய்மரம் செருகும் குழி. காற்றின் விசை முழுவதும் அந்தக் குழியின் சுவரில்தான் இறங்குகிறது. மணலோடு மரத்தைச் செருகிச் சுழலவிட்டவர்களின் படகில் குழியின் அடிப்பகுதி தேய்ந்து ஓட்டையாவதும் உண்டு. குழிக்குள் டார்ச் அடித்துத் தேய்மானத்தைப் பார்த்துவிட்டு, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, மட்டத்தைப் பென்சிலால் குறித்து, இருபது நிமிடம் விட்டுவிடுங்கள். மட்டம் இறங்கினால் அந்த நீர் படகின் வயிற்றுக்குள் போகிறது. கடலில் வேகமாக ஓடும்போது ஒருநாள் பாய்மரம் மேல்தளத்தையே பிய்த்துக்கொண்டு சாயக்கூடும். இதைச் சரிசெய்ய முடியும். ராமநாதபுரக் கரையில் ஃபைபர் படகு பழுதுபார்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் கைப்பழக்கம் மீன்பிடிப் படகுக்கானது, உறுதிக்காக அடுக்கின் மேல் அடுக்காகப் பூசுவார்கள். எடை கூடாமல் மெல்லியதாகப் பூசச் சொல்லிப் பக்கத்திலேயே நிற்க வேண்டியிருக்கும். இந்தச் செலவை விலையில் கழித்துக் கேட்பதில் கூச்சப்பட வேண்டாம்.

பாய்மரத்தின் மேல்துண்டைச் சமதரையில் உருட்டினால் நிரந்தர வளைவு தெரிந்துவிடும். ரிவெட் அடித்த இடத்தில் வெண்ணிறமாக அரித்திருந்தால் அங்கேதான் முறியும். பாயைக் கையில் கசக்கினால் அப்பளம்போல மொறமொறக்க வேண்டும். பலமுறை துவைத்த வேட்டிபோலத் துவண்டால் பயிற்சிக்கு ஆகும், பந்தயத்துக்கு ஆகாது. சுக்கான் பலகை முழுவதுமாகக் கீழே இறங்குகிறதா என்பதையும் பாருங்கள்.

பணம் கொடுக்குமுன் விற்பவரின் இடத்திலேயே, காற்று மணிக்கு 15 முதல் 20 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் நாளில், உயிர்காப்பு உடையோடு படகை ஓட்டிப் பார்க்க வேண்டும். இறக்குமுன் பின்புறத் தக்கையைத் திறந்து உள்ளே நீர் இல்லை என்று உறுதிசெய்து இறுக்குங்கள். காற்றை எதிர்த்து இருபுறமும் மாறி மாறிச் செல்லுங்கள். ஒருபுறம் மட்டும் சுக்கான் கனமாக இழுத்தால் பலகை முறுக்கியிருக்கலாம், அல்லது பாய்மரம் சரியாக நிற்கவில்லை. வேண்டுமென்றே ஒருமுறை கவிழ்த்து நிமிர்த்துங்கள். அப்போது வயிற்றுக்குள் தண்ணீர் சலசலக்கும் ஓசை கேட்கிறதா என்று கவனியுங்கள். ஒரு மணி நேரம் கழித்துக் கரையேற்றி, முன்பக்கத்தை உயர்த்தித் தக்கையைத் திறந்தால் ஒரு குவளை நீர் வருவதில் தவறில்லை. வாளிக் கணக்கில் வந்தால் அந்த விலைக்கு அந்தப் படகு வேண்டாம்.

வாங்கிய பின் மதுரைக்குக் கொண்டுவர, டாட்டா ஏஸில் ஏற்றினால் பாதிப் படகு பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். நீளமான வண்டியே வேண்டும். வீட்டில் மொட்டைமாடி வெயிலில் போடாமல் நிழலில், தக்கையைத் திறந்தே வையுங்கள். உள்ளே சூடேறி விரியும் காற்று வெளியேற வழியில்லாவிட்டால் இணைப்புகளைப் பிளக்கும்.

ஓட்டும் பருவத்தையும் கவனிக்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் கடல் அமைதியாக இருந்தாலும், தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று படகைக் கரையிலிருந்து வெளியே தள்ளும் என்பதால், துணைக்கு ஓர் இயந்திரப் படகு இல்லாமல் இறங்கக் கூடாது. வாடைக் காலத்தில் பாக் நீரிணை கொந்தளிக்கும். அப்போது மன்னார் வளைகுடாப் பக்கம் பரவாயில்லை. அங்குள்ள 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவாக இருப்பதால் அவற்றை நெருங்காமல், எந்தக் கரையில் இறங்குகிறீர்களோ அங்குள்ள கடலோரக் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுச் செல்லுங்கள்.