சர்குலரை பைல்ல கோத்துட்டா வேலை முடிஞ்சிருச்சா? போலீஸ் ஸ்டேஷன் விதிகளைப் புதுப்பிக்கிறப்ப தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர்ல இருந்து பாண்டிச்சேரிக்கு பஸ்ல போறவங்களுக்குத் தெரியும், முள்ளோடை வந்ததும் மாநிலம் மாறிடும், ஆனா வயலும் வீடும் கடையும் அப்படியேதான் தொடரும், ரோட்டை விட்டு உள்ள போனா எல்லை எங்க ஓடுதுன்னு ஊர்க்காரங்களுக்கே சில இடத்துல குழப்பம். நான் ஸ்டேஷன்ல எழுத்து வேலை பார்க்கற ரைட்டரா இருந்த காலத்துல ஒரு அம்மா கழுத்துச் செயினை அறுத்துட்டுப் போயிட்டானுங்கன்னு ராத்திரி ஒரு ஸ்டேஷனுக்குப் போயிருக்காங்க, எங்க லிமிட் இல்லன்னு சொல்லி அந்தப் பக்கம் அனுப்பிட்டாங்க, அங்க போனா இது தமிழ்நாட்டுப் பக்கம்மான்னு திருப்பி அனுப்பிட்டாங்க, கடைசில விடியக்காலை நாலு மணிக்கு எங்க ஸ்டேஷன் வாசல்ல வந்து நின்னாங்க. கழுத்துல காயம், இன்னும் ரத்தம் காயல.

எந்த ஸ்டேஷன்னு இங்க சொல்லப் போறதில்ல. சம்பவம் எங்க நடந்தாலும் புகாரை வாங்கி ஜீரோ எஃப்ஐஆர் போட்டு, அப்புறம் உரிய ஸ்டேஷனுக்கு அனுப்பணும்னு மத்திய உள்துறை 2013லயே மாநிலங்களுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் எழுதியிருந்துச்சு. அந்தப் பேப்பர் இல்லாம இல்ல, பைல்ல இருந்துச்சு. ராத்திரி வாசல்ல பாரா, அதான் காவல் டூட்டி, நின்னவனுக்குத்தான் தெரியல. இன்னைக்கு வரைக்கும் எனக்கு மனசு ஆறாத விஷயம் அது.

நான் பார்த்த தவறுகள்லயே பெரிசு இதுதான். எஸ்.பி. ஆபீஸ்ல இருந்து சர்குலர் வருது, தபால்ல பதியறாங்க, எஸ்.ஐ. இனிஷியல் போடறாரு, பைல்ல கோத்துடறாங்க. அத்தோட விதி மாறிடுச்சுன்னு நெனைக்கிறாங்க. பேப்பர் வந்து சேர்ந்தது வேற, விதி மாறுனது வேற தம்பி. எல்லாரையும் நிக்க வச்சுப் பேர் கூப்பிடற ரோல் கால்ல படிச்சுக் காட்டி, லீவுல போனவங்களுக்கும் பந்தோபஸ்து போனவங்களுக்கும் திரும்பி வந்ததும் சொல்லி, புரிஞ்சுதான்னு கேட்டு, கேட்டதை ஸ்டேஷனோட ஜெனரல் டைரியில, அதான் ஜிடியில, எழுதுனாத்தான் அது அந்த ஸ்டேஷனோட விதி. எங்களுக்கு பந்தோபஸ்து டூட்டி வந்தா பாதி ஸ்டேஷன் காலியாயிடும், அன்னைக்குப் படிச்ச சர்குலர் பாதிப் பேர் காதுல விழாமலே போயிடும்.

ரிட்டயர் ஆனப்புறமும் பசங்க போன் பண்ணிட்டே இருக்காங்க, முக்கியமா 2024 ஜூலை 1க்கு அப்புறம். அன்னைலேர்ந்து இந்திய தண்டனைச் சட்டமான ஐபிசிக்குப் பதிலா பாரதிய நியாய சன்ஹிதா, குற்றவியல் நடைமுறைச் சட்டமான சிஆர்பிசிக்குப் பதிலா பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சாட்சியச் சட்டத்துக்குப் பதிலா பாரதிய சாக்ஷிய அதினியம். நாம சுருக்கமா பிஎன்எஸ், பிஎன்எஸ்எஸ், பிஎஸ்ஏன்னு சொல்றோம். ரெண்டு பத்தி கொண்ட ஒரு அட்டவணையை பிரிண்ட் எடுத்து கண்ணாடிக்கு அடில வச்சிட்டு, பழைய நம்பருக்கு புது நம்பர் போட்டா முடிஞ்சுதுன்னு நிறைய பேர் நெனச்சாங்க. நம்பர் மாத்தறதுலயே எவ்ளோ வில்லங்கம் இருக்குன்னு பாருங்க. ஐபிசி 302னா கொலை, பிஎன்எஸ்ல கொலைக்குத் தண்டனை 103, அங்க 302னா மத உணர்வைப் புண்படுத்துற பேச்சு. 144னா தடை உத்தரவுன்னு ஊருக்கே தெரியும், இப்ப அது பிஎன்எஸ்எஸ் 163, பிஎன்எஸ்எஸ் 144 போய்ப் பார்த்தா மனைவி, பிள்ளை, பெத்தவங்களுக்கு ஜீவனாம்சம். பழக்க தோஷத்துல கை பழைய நம்பரை எழுதிடும், கோர்ட்ல திரும்பி வந்து நிக்கும்.

ஆனா நம்பரை விட உள்ளடக்கம் மாறுனதுதான் முக்கியம், அட்டவணை அதைக் காட்டாது. சாட்சியை விசாரணைக்குக் கூப்பிடற பிரிவு சிஆர்பிசியில 160, இப்ப பிஎன்எஸ்எஸ்ல 179. வீட்டுக்கே போய்த்தான் விசாரிக்கணும், ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக் கூடாதுங்கற வயசு வரம்பு ஆம்பளைங்களுக்கு 65 தாண்டினவங்கன்னு இருந்துச்சு, இப்ப 60 தாண்டினாலே போதும், தீவிர நோயாளிகளையும் சேர்த்திருக்காங்க. பெண்கள், 15 வயசுக்குக் கீழ இருக்கற பசங்க, மாற்றுத்திறனாளிங்க முன்னாடியே அதுல இருந்தாங்க. அதே மாதிரி மூணு வருஷத்துக்குக் குறைவா தண்டனை இருக்கற குத்தத்துல 60 தாண்டினவரையோ உடம்பு முடியாதவரையோ கைது பண்ணணும்னா டிஎஸ்பி ரேங்க்குக்குக் குறையாத அதிகாரிகிட்ட முன் அனுமதி வேணும், பிஎன்எஸ்எஸ் 35ஆம் பிரிவோட ஏழாவது உட்பிரிவு. இந்த ரெண்டையும் தெரிஞ்சுக்காம ஒரு 62 வயசு பெரியவரை ஜீப்ல ஏத்திட்டு வந்தா அப்புறம் யாராலயும் காப்பாத்த முடியாது.

எல்லா பழசையும் தூக்கிப் போடறதும் தப்புதான். 2024 ஜூலை 1க்கு முன்னாடி நடந்த குத்தத்துக்கு புகார் இன்னைக்கு வந்தாலும் ஐபிசி பிரிவுதான் போடணும், விசாரணை நடைமுறை மட்டும் புதுசு. அதனால பழைய சர்குலர் பைலை எடைக்குப் போடாம, மேல சிவப்பு மையில எந்தத் தேதியோட முடிஞ்சதுன்னு எழுதி தனி பீரோவுல வைங்க. அதை விட ஆபத்து என்னன்னா, பழசும் புதுசும் ஒரே பைல்ல கலந்து கிடக்கறது. ராத்திரி டூட்டில இருக்கறவன் கைக்கு எது மொதல்ல வருதோ அதைத்தான் எடுப்பான்.

அடுத்தது பாரம். விதியை மாத்துவாங்க, பாரத்தை மாத்த மாட்டாங்க. கம்ப்யூட்டர்ல யாரோ எப்பவோ டைப் பண்ணி வச்ச நோட்டீஸ் பைலைத் திறந்து பேரை மட்டும் மாத்தி பிரிண்ட் எடுக்கறதுதான் எல்லா ஸ்டேஷன்லயும் நடக்குது. கைது பண்ணாம விசாரணைக்கு வரச் சொல்லி அனுப்பற சிஆர்பிசி 41ஏ நோட்டீஸ் இப்ப பிஎன்எஸ்எஸ் 35(3), ஆனா தலைப்புல 41ஏன்னே போகுது. ஆண், பெண்ணுன்னு ரெண்டு கட்டம் மட்டும் இருக்கற பாரம் இன்னும் கிடக்குது, சித்திரையில கூவாகம் திருவிழாவுக்கு இந்த வழியா எத்தனை திருநங்கைகள் போறாங்க, அவங்க ஒரு புகாரோட வந்தா எந்தக் கட்டத்துல டிக் போடுவீங்க? பிஎன்எஸ்லயே பாலினம்னா திருநரும் உண்டுன்னு 2ஆம் பிரிவுல எழுதியிருக்கு. தமிழ்நாட்டுல 2022லயே போலீஸ் நடத்தை விதியைத் திருத்தி, அவங்களையும் அவங்களுக்காக வேலை செய்றவங்களையும் போலீஸ் துன்புறுத்தக் கூடாதுன்னு சேர்த்தாச்சு. பாரத்துல ஒரு கட்டம் சேர்க்க எவ்ளோ நேரம் ஆகும், ஆனா எதிர்ல உக்காந்திருக்கறவங்களுக்கு அது எவ்ளோ பெரிய மரியாதை.

விதி மாறுறது சட்டசபையாலயும் பார்லிமென்ட்டாலயும் மட்டும்தான்னு நெனைக்கிறது இன்னொரு தப்பு. கைது பண்றப்ப போலீஸ் என்னென்ன செய்யணும்னு சொன்ன டி.கே. பாசு வழக்குல இருந்து கைது நடைமுறையை அதிகமா மாத்துனது சுப்ரீம் கோர்ட்தான். கைதுக்கான காரணத்தை எழுத்துல கொடுக்கணும்னு 2023லேர்ந்து வரிசையா தீர்ப்பு வந்துட்டு இருக்கு. 35ஆம் பிரிவு நோட்டீஸை வாட்ஸ்அப்ல அனுப்பினா செல்லாதுன்னு 2025 ஜனவரியில சொல்லிட்டாங்க, ஆனா வாட்ஸ்அப்ல அனுப்பி ப்ளூ டிக் விழுந்துடுச்சுன்னு ஸ்கிரீன்ஷாட் எடுத்து கேஸ் டைரியில வைக்கிற பழக்கம் கை வந்துடுச்சு, அதை விடறது கஷ்டமாத்தான் இருக்கும், விட்டுத்தான் ஆகணும். சப்-டிவிஷனுக்கு ஒருத்தரு மாசத்துல ஒரு நாள் அரசு வக்கீல்கிட்ட உக்காந்து, என்ன புதுசா வந்திருக்கு, நம்ம கேஸ் எது எதனால அடிபட்டுச்சுன்னு கேட்டு எழுதிட்டு வந்தாலே பாதிப் பிரச்சனை தீரும்.

சிசிடிவி பத்தி கொஞ்சம் நின்னு பேசணும். 2020 ஜூன்ல சாத்தான்குளத்துல போலீஸ் பிடிச்சுட்டுப் போன அப்பாவும் மகனும் செத்தப்ப, விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் அறிக்கையில ஒரு விஷயம் சொல்லியிருந்தாரு, ஹார்ட் டிஸ்க்ல இடம் இருந்தும் அன்னன்னைக்குப் பதிவு தானா அழியற மாதிரி செட் பண்ணி வச்சிருந்தாங்கன்னு. நாங்க உடுத்துன காக்கிக்கு அது தீராத கறை, அதை நெனச்சா இன்னைக்கும் எனக்கு நெஞ்சு கனக்கும். அதே வருஷம் டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் எல்லா ஸ்டேஷன்லயும் கேமரா, சத்தத்தோட பதிவு, 18 மாசம் சேமிப்பு, அந்தளவுக்கு கருவி கிடைக்கலன்னா ஒரு வருஷத்துக்குக் குறையாம இருக்கணும்னு உத்தரவு போட்டுச்சு. நம்ம ஸ்டேஷன் கொள்கையில 18 மாசம்னு அழகா எழுதியிருக்கும். கேமரா பதிவை சேமிக்கற டிவிஆர் மெஷினோட செட்டிங்கைத் திறந்து எத்தனை நாள் நிக்குதுன்னு யாரு பார்த்தா? பேப்பர்ல இருக்கற எண்ணும் மெஷின்ல இருக்கற எண்ணும் ஒண்ணான்னு மாசா மாசம் பார்த்து கையெழுத்துப் போட ஒரு ஆளு வேணும், அதுவும் பேரு சொல்லி. "பொறுப்பு அதிகாரி"ன்னு மொட்டையா எழுதுனா, அவரு டிரான்ஸ்ஃபர் ஆன அன்னைக்கே அந்த வேலையும் போயிடும். 90 நாளுக்குள்ள விசாரணை எந்த அளவுல இருக்குன்னு புகார்தாரருக்குச் சொல்லணுங்கற விதிக்கும் இதேதான், ரிஜிஸ்டர்ல ஒரு பத்தி போட்டு பக்கத்துல தேதி எழுதலன்னா அந்த 90 நாள் எப்ப போச்சுன்னே தெரியாது.

பக்கத்து ஊர் விதியைக் காப்பி அடிக்கறதையும் சொல்லணும், எங்க பகுதியில இது அதிகம். கடலூர் தமிழ்நாடு, அங்க தமிழ்நாடு போலீஸ் நிலையாணைகள். புதுச்சேரி யூனியன் பிரதேசம், அனுமதி வாங்கற படிக்கட்டே வேற. அதுவும் புதுச்சேரின்னா நம்ம பக்கத்துல இருக்கற ஊர் மட்டும் இல்லையே, காரைக்கால், கேரளா பக்கத்துல மாஹே, ஆந்திரா பக்கத்துல ஏனாம், நாலு இடம். தமிழ்ல மட்டும் அறிவிப்பு ஒட்டினா மாஹேக்காரங்களுக்கு மலையாளத்துல யாரு சொல்றது, ஏனாம்காரங்களுக்குத் தெலுங்குல யாரு சொல்றது? சட்டம் எல்லாப் பக்கமும் ஒண்ணுதான், நடைமுறை உத்தரவை மட்டும் அந்தந்த இடத்துக்கு எழுதணும்.

புயல் திட்டமும் விதிதான், அதைப் பலபேர் கணக்குலயே எடுக்கறதில்ல. 2011ல தானே புயல் வந்தப்ப எழுதுன போன் லிஸ்ட்டே இன்னும் இருக்கும், மீனவப் பஞ்சாயத்துத் தலைவர் மாறியிருப்பாரு, சிலர் உயிரோடவே இருக்க மாட்டாங்க. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தப்ப புதுச்சேரியில ஒரே நாள்ல 40 செ.மீ.க்கு மேல கொட்டுச்சு, அடுத்த ரெண்டு மூணு நாள்ல தென்பெண்ணை பொங்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஊருக்குள்ள வந்துடுச்சு. ஐப்பசி பொறக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு நம்பரையும் கூப்பிட்டுப் பாருங்க, வேற வழியில்ல.

எல்லாம் சரியா இருக்கான்னு பார்க்க நான் சின்னப் பசங்களுக்குச் சொல்றது ஒண்ணுதான். ராத்திரி ரெண்டு மணிக்கு சொல்லாம கொள்ளாம போங்க, பைலைக் கேக்காதீங்க. பாரா நிக்கிற பையன்கிட்ட, தம்பி, எல்லைக்கு அந்தப் பக்கம் செயினை அறுத்துட்டாங்கன்னு ஒரு அம்மா வந்து நிக்கிறாங்க, என்ன பண்ணுவேன்னு கேளுங்க. உள்ள உக்கார வச்சு தண்ணி கொடுத்து, காயம் இருந்தா 108ஐக் கூப்பிட்டு, எஸ்ஐக்குச் சொல்லி, எங்க நடந்ததா இருந்தாலும் பிஎன்எஸ்எஸ் 173ல இங்கயே புகாரை வாங்கி எஃப்ஐஆர் நகலை இலவசமா கையில கொடுப்போம் சார்னு அவன் சொல்லணும்.