கனகாம்பர நிறத்தில் ஆறு கண்டு நூல்: என்ன பின்னலாம்?

சென்ற ஐப்பசியில் ஊட்டி மார்க்கெட் கடை ஒன்றில் மிச்சச் சரக்கைப் பாதி விலைக்குக் கொடுத்தார்கள். கனகாம்பர நிறத்தில் ஆறு கண்டு கம்பளி நூல் வாங்கிக்கொண்டு கோத்தகிரி பஸ் ஏறினேன். வீட்டு மேசையில் பரப்பியதும் அறையே சிவந்தது போல் இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "இதை யாரம்மா போட்டுக்கொள்வார்கள்?" என்று கேட்டார். பளீரென்ற நூல் கையில் இருப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். ஆனால் அதற்கு முன் மூன்று சின்ன வேலைகள் இருக்கின்றன.

முதல் வேலை: எடை

கண்டுகளைச் சமையலறைத் தராசில் வையுங்கள். எனக்கு 280 கிராம் வந்தது. நடுத்தரத் தடிமன் நூலில் சிறுவர் குல்லாவுக்கு 50 முதல் 70 கிராம், மஃப்ளருக்கு 150 முதல் 200 கிராம் பிடிக்கும். பெரியவர் ஸ்வெட்டர் என்றால் 450 கிராமாவது வேண்டும். குறைந்தால் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று மிச்சச் சரக்கை நம்பி இறங்காதீர்கள். அதே சாயத்தில் மறுபடி கிடைப்பது அரிது. லேபிளில் சாய எண் கண்டுக்குக் கண்டு மாறியிருந்தால், இரண்டு கண்டுகளை வைத்துக்கொண்டு இரண்டு வரிசைக்கு ஒருமுறை மாற்றி மாற்றிப் பின்னுங்கள். நிற வேறுபாடு கலந்து மறைந்துவிடும்.

இரண்டாவது: நெருப்பு

விரல் நீளத் துண்டு ஒன்றை இடுக்கியில் பிடித்துத் தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே கொளுத்துங்கள். முடி கருகும் வாசனை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் ஆட்டுக் கம்பளி. உருகிக் கெட்டியான மணியாகத் திரண்டால் அக்ரிலிக் என்ற செயற்கை நூல். ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவில் செம்மறி ஆடுகளுக்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது; நீலகிரி ஆட்டையும் மெரினோவையும் கலந்து சாண்டினோ என்ற இனத்தை உருவாக்கிய இடம். இருந்தும் மலிவாக நம் கைக்கு வருவது பெரும்பாலும் அக்ரிலிக்தான். அதில் சூடான பாத்திரம் பிடிக்கும் துணி மட்டும் பின்னாதீர்கள், உருகிக் கையில் ஒட்டும். அடிக்கடி துவைக்கும் சிறுவர் உடுப்புக்கு அது நல்ல நூல்.

மூன்றாவது: சாயம்

இதைத் தவிர்த்துவிட்டு ஒருமுறை அழுதிருக்கிறேன். சிவப்பு மஃப்ளர் ஒன்று மழையில் நனைந்து, என் மகளின் வெள்ளைப் பள்ளிச் சட்டையின் கழுத்தெல்லாம் ரோஜா நிறமானது. ஒரு முழ நூலை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, வெள்ளைத் துணியில் சுருட்டிப் பிழியுங்கள். துணியில் கறை இறங்கினால் அந்த நூலை வெளிர் நிறத்தோடு சேர்க்க வேண்டாம்.

இனி நிறம்

தோடர் பெண்கள் பூத்தையல் போட்ட பூத்துக்குளி என்ற போர்வையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற கைவேலை அது. முரட்டு வெள்ளைத் துணியில் இழைகளை எண்ணி எண்ணிச் சிவப்பையும் கறுப்பையும் இறக்குகிறார்கள். பரப்பு முழுவதும் வெள்ளை, அழுத்தமான நிறம் பட்டையாக மட்டும். கதம்பத்தில் கனகாம்பரம் எடுப்பாகத் தெரிவதும் பக்கத்தில் மல்லிகையும் மரிக்கொழுந்தும் இருப்பதால்தான். அழுத்தமான நிறத்தை அடக்க நினைப்பவர்களுக்கு இது வழி.

எனக்கு அடக்க மனமில்லை. கோத்தகிரியில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காலை ஏழரை மணிக்கு மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாது. அந்த நேரத்தில்தான் பிள்ளைகள் கொண்டை ஊசி வளைவோரம் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள், சாம்பல் நிற ஸ்வெட்டரில். அவர்கள் தலையில் இருக்க வேண்டிய நிறம் கனகாம்பரம். 280 கிராமில் இரண்டு குல்லாவும் ஒரு மஃப்ளரும் வரும் என்று முடிவு செய்தேன்.

ஓரத்துக்குத் துணை நிறமாக முதலில் வெள்ளையை நினைத்தேன். பனியில் வெள்ளை கரைந்துபோகும் என்பதால் கருஞ்சாம்பலை எடுத்தேன். இரண்டு நூலையும் சேர்த்து வைத்துச் செல்பேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே சாயலில் தெரிந்தால் மங்கலான வெளிச்சத்தில் வரி எடுபடாது.

குல்லா

ஸ்கேலில் நூலை நெருக்கமாகச் சுற்றுங்கள். ஓர் அங்குலத்தில் 12 சுற்று வந்தால் 8ஆம் எண் ஊசி, அதாவது 4 மில்லிமீட்டர், சரியாக இருக்கும். பழைய எண் முறையில் எண் கூடக்கூட ஊசி மெலியும், கவனம்.

ஊசியில் 30 கண்ணி, அதாவது நூல் வளையம், போட்டு, எல்லா வரிசையையும் நேர்ப் பின்னலாகவே (நிட்) ஒரு சதுரம் பின்னி, நடுவில் 10 சென்டிமீட்டருக்கு எத்தனை கண்ணி என்று எண்ணுங்கள். எனக்கு 20. தலைச்சுற்றளவு 50 சென்டிமீட்டர்; பின்னல் இழுபடும் என்பதால் 46 போதும். ஆக 92 கண்ணி.

கருஞ்சாம்பலில் 92 கண்ணி போட்டு ஆறு வரிசை, பிறகு கனகாம்பரத்தில் மொத்த உயரம் 22 சென்டிமீட்டர் ஆகும்வரை. அடுத்த வரிசையில் இரண்டிரண்டு கண்ணிகளாகச் சேர்த்துப் பின்னினால் 46 நிற்கும். ஒரு வரிசை சும்மா பின்னி, மறுபடி இரண்டிரண்டாகச் சேர்த்தால் 23. நூலை ஒரு முழம் விட்டு வெட்டி, தையல் ஊசியில் கோத்து, 23 கண்ணிகளுக்குள்ளும் ஓட்டி இறுக்குங்கள். அதே நூலால் பக்கத்தைத் தைத்து, விளிம்பை நான்கு சென்டிமீட்டர் மடித்துவிடுங்கள்.

அக்ரிலிக் என்றால் இஸ்திரிப் பெட்டியை மட்டும் அருகில் கொண்டுவர வேண்டாம். ஒருமுறை சூடு பட்டால் பின்னல் தொய்ந்துவிடும், பிறகு பழைய நிலைக்குத் திரும்பாது.