பைக் சறுக்கிய தூரத்தை வைத்து வேகம் சொல்வது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏற்காட்டிலிருந்து அடிவாரம் இறங்கும் சாலை. கொண்டை ஊசி வளைவு ஒன்றுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பைக் சாய்ந்து, 24 மீட்டர் தேய்த்துக்கொண்டு போய்க் கிடக்கிறது. "இவ்வளவு தூரம் போயிருக்குன்னா எண்பதுல வந்திருப்பான்" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னால் போதும், அதுவே ஊர்ப்பேச்சாகிவிடும். முறையாகக் கணக்குப் போட்டால் ஐம்பதை ஒட்டித்தான் வருகிறது.

சூத்திரம் எளிது. 254 × உராய்வுக் கெழு (வண்டி தரையில் எவ்வளவு பிடித்துத் தேய்கிறது என்பதைச் சொல்லும் எண்) × மீட்டரில் தூரம். இதன் வர்க்கமூலம்தான் மணிக்கு எத்தனை கி.மீ. என்ற வேகம். 254 என்பது 2 × 9.81 × 3.6 × 3.6. வண்டியின் எடை இதில் எங்கும் இல்லை. ஆகவே "புல்லட் கனமான வண்டி, அதான் அவ்வளவு தூரம் போச்சு" என்ற பேச்சு செல்லாது. அமெரிக்கப் புத்தகங்களில் 254க்குப் பதில் 30 இருக்கும்; அதில் தூரத்தை அடியில் போட வேண்டும், விடை மைலில் வரும். மீட்டரை அங்கே போட்டால் எல்லாமே கெட்டது.

அதிகம் பார்க்கும் தவறு, டயரின் உராய்வை எடுத்துக்கொள்வது. காய்ந்த தார்ச்சாலையில் பிரேக் பிடித்த டயருக்கு 0.7 என்று எங்கோ படித்துவிட்டு அதையே போடுகிறார்கள். சாய்ந்து கிடக்கும் வண்டி டயரில் போவதில்லை. ஃபுட்ரெஸ்ட், ஹேண்டில்பார் முனை, சைலன்சர், லெக் கார்டு இவற்றின் மேல் போகிறது. தார்ச்சாலையில் பெரும்பாலும் 0.4 முதல் 0.6 வரை எடுக்கலாம். பிளாஸ்டிக் மூடிய வண்டி வழுக்கும், எண் 0.4 பக்கம் போகும். லெக் கார்டும் ஃபுட்ரெஸ்டும் தாரைக் கிளறியிருந்தால் 0.6 பக்கம்.

அடுத்தது சரிவு. 100 மீட்டருக்கு 8 மீட்டர் இறங்கும் இடத்தில் கெழுவிலிருந்து 0.08 கழிக்க வேண்டும்; ஏறும் திசையில் சறுக்கியிருந்தால் கூட்ட வேண்டும். 0.5 என்று வைத்தால் இறக்கத்தில் 0.42, வேகம் 51. சமதரை என்று நினைத்தால் 55. டயரின் 0.7ஐப் போட்டால் இதே இறக்கத்தில் 61. சரிவை அளக்கப் பெரிய கருவி வேண்டாம். ஒரு மீட்டர் நீள அலுமினியச் சட்டத்தைச் சறுக்கிய கோட்டின் மேலேயே வைத்து, மேலே ரசமட்டம் வைத்து, தாழ்ந்த முனையைத் தூக்கிக் குமிழியை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். முனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி 8 செ.மீ. என்றால் 8 சதவீதம். நாலைந்து இடத்தில் அளக்க வேண்டும், ஏனென்றால் வளைவின் உள்பக்கம் வெளிப்பக்கத்தைவிடச் செங்குத்தாக இருக்கும். சாலையோரப் பலகையில் உள்ள சரிவு எண்ணை நம்பி உட்காராதீர்கள்.

தூரத்தை எங்கிருந்து எங்கே அளப்பது என்பதில்தான் சண்டையே வரும். தொடக்கம் மோதிய இடம் அல்ல, தாரில் விழுந்த முதல் கீறல். வண்டி தடுமாறிச் சாய்ந்து தரையைத் தொட அரை விநாடி ஆனாலும், 50 கி.மீ. வேகத்தில் அதற்குள் 7 மீட்டர் போய்விடும். அதைச் சறுக்கலில் சேர்த்தால் வேகம் வீங்கும். முடிவும் தகராறுதான். மலைப்பாதையில் பஸ் நின்றுவிட்டால் நாலு பேர் சேர்ந்து வண்டியைத் தூக்கி ஓரமாகச் சாய்த்துவிடுவார்கள், அதைக் குறை சொல்லவும் முடியாது. அப்போது வண்டி நிற்கும் இடத்தை விட்டுவிட்டுத் தரையைப் பாருங்கள்: கீறல் முடியும் இடம், அதை ஒட்டிப் பெட்ரோலோ என்ஜின் ஆயிலோ தேங்கிய கறை. ஓடும்போது சொட்டியது கோடாக இருக்கும். நின்ற பிறகு ஒழுகியது குளம்போலப் பரவியிருக்கும். கீறல் வளைந்திருந்தால் டேப்பை வளைவோடு போட்டு அளக்க வேண்டும். பார்வை மகஜரின் (போலீஸ் சம்பவ இடத்தைப் பார்த்து எழுதும் பதிவின்) மாதிரி வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளப்பது வேண்டாம், அது அளவுக்கு வரைந்த படமல்ல. ஓட்டியவர் உருண்டு போன தூரமும் வேறு. மனித உடலுக்கும் துணிக்கும் உராய்வு வேறு.

வண்டி தாரைவிட்டு ஓரத்து மண்ணுக்குப் போயிருந்தால் இரண்டையும் தனித்தனியே கணக்கிடுங்கள். மண்ணில் புதைந்து இழுபடும்போது கெழு 0.8கூட ஆகலாம். அதே 24 மீட்டரில் கடைசி 6 மீட்டர் மண் என்றால் (அங்கும் சரிவு போக 0.72) வேகம் 51 அல்ல, 55.

வேகங்களை நேராகக் கூட்டுவது இன்னொரு பெரிய பிழை. சாய்வதற்கு முன் பின்சக்கரம் லாக் ஆகி 12 மீட்டர் டயர் தடம் விட்டிருக்கிறது என்று வையுங்கள். பின் பிரேக் மட்டும் என்பதால் 0.35, சரிவு போக 0.27. அந்தப் பகுதிக்குத் தனியாக 29 வரும். 51ஐயும் 29ஐயும் கூட்டி 80 என்று எழுதினால் அந்தப் பையன் வேகமாக வந்ததாக ஆகிவிடும். வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுக்க வேண்டும்: 58. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் யார் மேல் எவ்வளவு தவறு என்று வாதாடும்போது இந்த 22 கி.மீ. சின்ன விஷயமல்ல.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. சறுக்கிய வண்டி தடுப்புச் சுவரில் மோதி நின்றிருந்தால், சறுக்கலில் கிடைப்பது குறைந்தபட்ச வேகம் மட்டுமே. சுவர் தின்ற வேகம் அதில் இல்லை.

முடிந்தால் அதே மாடல் வண்டியை அதே இடத்தில் படுக்கவைத்து இழுத்துப் பாருங்கள். பெட்ரோலை வடித்து, பேட்டரியைக் கழற்றிவிட்டு, 200 கிலோ தொங்கு தராசைக் கயிற்றில் மாட்டி, கயிறு தரைக்கு இணையாக இருக்கும்படி இழுக்க வேண்டும். மேல்நோக்கி இழுத்தால் வண்டி லேசாகத் தூக்கப்பட்டு எண் குறையும். நகரத் தொடங்கும்போது வெட்டி இழுப்பதில் காட்டும் முதல் எண்ணை விடுங்கள், சீராக நகரும்போது காட்டுவதை எடுங்கள். 145 கிலோ வண்டிக்கு 61 கிலோ காட்டினால் 0.42. சறுக்கிய திசையிலேயே, அதாவது இறக்கத்தில் இழுத்திருந்தால் இதில் சரிவு ஏற்கெனவே அடங்கிவிட்டது, மறுபடி 0.08 கழிக்கக் கூடாது. அனுபவம் உள்ளவர்களே இதில் சறுக்குகிறார்கள்.

இழுத்துப் பார்க்க வழியில்லை என்றால் ஒற்றை எண் எழுதாதீர்கள். 0.4க்கும் 0.6க்கும் சரிவைக் கழித்துப் போட்டு, "தரையைத் தொட்டபோது 44 முதல் 56 கி.மீ." என்று எழுதுங்கள். தரையைத் தொட்டபோது என்ற அந்த இரண்டு சொல்லும் விட்டுப்போகக் கூடாது.