ரைன் பள்ளத்தாக்கில் கூட்ஸ் வண்டி பார்ப்பது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கு

ஜெர்மனியில் படிக்கவோ வேலைக்கோ வந்த நம்மவர்கள் ரைன் நதிக்குப் போனால் படகில் ஏறுவார்கள், கோட்டை பார்ப்பார்கள், திரும்பிவிடுவார்கள். அந்தக் கோட்டைகளுக்குக் கீழே, நதியின் இரு கரையிலும் ராப்பகலாக ஓடும் ரயில்களை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. ஐரோப்பாவின் முக்கியமான சரக்குப் பாதைகளில் ஒன்று இது. ராட்டர்டாம், ஆண்ட்வெர்ப் துறைமுகங்களில் இறங்கும் பெட்டகங்கள் (கன்டெய்னர்கள்) இத்தாலிக்குப் போகும் வழி. ரயில் பார்க்க ஆசை இருந்தும் எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். கார் தேவையில்லை, விலை உயர்ந்த கேமராவும் தேவையில்லை.

படி 1: எந்தக் கரையில் எது ஓடுகிறது?

நதி ஓடும் திசையைப் பார்த்து நின்றால் உங்கள் வலது பக்கம் வலக்கரை, இடது பக்கம் இடக்கரை. நாம் பார்க்கப்போகும் பகுதி பிங்கனுக்கும் கோப்லென்ஸுக்கும் இடையில் இருக்கிறது. இங்கே இடக்கரைப் பாதை 1859இல் வந்தது, வலக்கரைப் பாதை 1862இல். இரண்டும் இரட்டைத் தண்டவாளம், இரண்டும் மின்மயம்.

பயணிகள் வண்டிகள் பெரும்பாலும் இடக்கரையில் ஓடும். வலக்கரையில் உள்ளூர் வண்டி தவிர மற்றதெல்லாம் பெரும்பாலும் கூட்ஸ்தான். அப்படியானால் வலக்கரையில்தானே நிற்க வேண்டும் என்று தோன்றும். இங்கேதான் பலர் தப்பாக முடிவெடுக்கிறார்கள். வலக்கரையில் நின்றால் வண்டி மூக்குக்கு முன்னால் போய்விடும். சத்தம் கிடைக்கும், காட்சி கிடைக்காது. இடக்கரையில் நின்று எதிர்க்கரையைப் பாருங்கள். நதி, வண்டி, திராட்சைத் தோட்டம், கோட்டை எல்லாம் ஒரே பார்வையில் வந்துவிடும். சராசரி கூட்ஸ் வண்டியே அரை கிலோமீட்டருக்கு மேல் நீளம், உச்சவரம்பு 740 மீட்டர். இத்தனை நீளத்தை முழுசாகப் பார்க்கத் தள்ளி நின்றால்தான் முடியும்.

படி 2: நாளும் நேரமும்

செவ்வாய் முதல் சனி வரை நல்லது. ஞாயிறும் திங்கள் காலையும் பெரும்பாலும் வறட்சிதான். தொழிற்சாலைகள் ஞாயிறு ஓய்வெடுப்பதன் விளைவு. வார நாளில் லீவு போட முடியாதவர்கள் சனிக்கிழமையே போய்விடுங்கள்.

வெளிச்சம் முக்கியம். பாதி வழியில் இருக்கும் காவுப், ஓபர்வேசல் ஊர்கள் பக்கம் வலக்கரை தென்மேற்கைப் பார்த்து இருக்கிறது. அதனால் மதியத்துக்கு மேல் வெயில் எதிர்க்கரை வண்டிகள்மேல் நேராக விழும். காலையில் போனால் எதிர்வெயிலில் வண்டி கறுப்பாகத்தான் தெரியும். குளிர்காலத்தில் நமக்குப் பின்னால் இருக்கும் மலை சூரியனைச் சீக்கிரமே மறைத்துவிடும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை போவது சுலபம்.

கிளம்புமுன் இன்னொன்று பார்த்துக்கொள்ளுங்கள். ஜெர்மன் ரயில்வே இப்போது முக்கியப் பாதைகளை மாதக்கணக்கில் மூடிப் புதுப்பிக்கிறது. வலக்கரைப் பாதைக்கு 2026 கோடையிலிருந்து டிசம்பர் வரை அந்த முறை என்று திட்டம். பாதை மூடியிருக்கும் காலத்தில் எதிர்க்கரையைப் பார்த்து உட்கார்ந்தால் பார்க்க ஒன்றும் இருக்காது.

படி 3: போய்ச் சேருவது

மைன்ஸிலிருந்தோ கோப்லென்ஸிலிருந்தோ இடக்கரையின் லோக்கல் ரயிலான ஆர்பி 26இல் ஏறுங்கள். நாடு முழுக்க லோக்கல் வண்டிகளில் செல்லும் மாதப் பாஸான டாய்ச்லாண்ட் டிக்கெட் இருந்தால் அதுவே போதும். ஐசி, ஐசிஇ என்ற நெடுந்தூர விரைவு வண்டிகளில் அது செல்லாது. கரை மாற வேண்டுமானால் ஃபெர்ரிதான். மைன்ஸுக்கும் கோப்லென்ஸுக்கும் இடையில் ரைன் மீது ஒரு பாலம்கூடக் கிடையாது. ஃபெர்ரி டிக்கெட்டுக்குக் கையில் சில்லறை இருந்தால் வசதி.

படி 4: எங்கே உட்காருவது

முதல்முறைக்கு ஓபர்வேசல். என்னைக் கேட்டால் இரண்டாவது முறைக்கும் அதுவே. ஸ்டேஷனில் இறங்கினால் எல்லாமே நடை தூரம். ஊரின் பழைய மதில்மேல் ஏறி நடக்கலாம். இடக்கரைத் தண்டவாளம் அதை ஒட்டியே போகிறது. எதிரே வலக்கரையில் ரோஸ்ஸ்டைன் சுரங்கத்தின் வாய் தெரியும். சுரங்கத்திலிருந்து எஞ்சின் வெளியே வரும், பின்னால் பெட்டகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். எப்போது முடியும் என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருப்பதுதான் இதில் சுவாரசியம். ஊருக்கு மேலே மலைப்பாதையில் ஏறினால் இரண்டு கரைப் பாதைகளும் ஒருசேரத் தெரியும்.

அடுத்தது காவுப் ஊருக்கு நேர் எதிர்க்கரை. நதி நடுவில் தீவுபோல ஃபால்ஸ்கிராஃபன்ஸ்டைன் கோட்டை, அதற்குப் பின்னால் வண்டி, மேலே குட்டன்ஃபெல்ஸ் கோட்டை. காலண்டர்களில் வரும் படம் இதுதான். கூட்டமும் இருக்கும்.

லோரலை பாறைக்கு எல்லோரும் போவார்கள். நதிமட்டத்திலிருந்து 132 மீட்டர் உயரம். ஆனால் பாறை உச்சியில் நின்றால் காலடியில் ஓடும் வலக்கரைப் பாதை சரியாகத் தெரியாது. அதற்கு எதிர்க்கரையில் மரியா ரூ என்ற பார்வை முனை இருக்கிறது, அங்கே போங்கள். போப்பார்ட்டில் நாற்காலி ரோப்கார் ஏறினால் நதி பெரிதாக வளைவது தெரியும். அங்கே வண்டிகள் பொம்மை மாதிரி சிறிதாகத் தெரியும், படத்துக்கு மட்டும் நல்லது.

படி 5: வந்த வண்டி என்ன வண்டி?

பார்த்துக்கொண்டே இருந்தால் கொஞ்ச நேரத்தில் அலுத்துவிடும். வகை பிரிக்கத் தெரிந்துவிட்டால் அலுக்காது. பெட்டகம் ஏற்றியது, லாரி டிரெய்லரையே அப்படியே தூக்கி வைத்தது, இரண்டு அடுக்கில் புதுக் கார்கள் ஏற்றியது, டேங்கர் வண்டி. இந்த நான்கைத் தெரிந்துகொண்டால் பாதி நாள் ஓடிவிடும்.

டேங்கர்களின் பக்கவாட்டில் ஆரஞ்சு நிறப் பலகை இருக்கும், அதில் மேலும் கீழுமாக இரண்டு எண்கள். கீழே 1203 என்றால் பெட்ரோல், 1202 என்றால் டீசல். டேங்கைச் சுற்றி ஆரஞ்சுப் பட்டை ஓடினால் உள்ளே இருப்பது திரவமாக்கிய வாயு. பைனாகுலர் இருந்தால் எதிர்க்கரையிலிருந்தே படித்துவிடலாம்.

வேகன்களில் 12 இலக்க எண் எழுதியிருக்கும். மூன்றாம், நான்காம் இலக்கங்கள் பதிவு செய்த நாட்டைச் சொல்லும்: 80 ஜெர்மனி, 83 இத்தாலி, 84 நெதர்லாந்து, 85 சுவிட்சர்லாந்து, 87 பிரான்ஸ், 88 பெல்ஜியம். எஞ்சினிலும் இதே முறைதான். 91 80 6193 என்று தொடங்கினால் 91 மின்சார எஞ்சின், 80 ஜெர்மன் பதிவு, கடைசியில் வரும் 193 என்பது வகை, அதாவது சீமென்ஸின் வெக்ட்ரான். இந்தப் பாதையில் அதை நிறையப் பார்ப்பீர்கள்.

எஞ்சின் பக்கத்தில் நின்றால் இன்னொன்றும் கவனியுங்கள். சில எஞ்சின்களின் பக்கவாட்டில் நாடுகளின் எழுத்துகளைக் கட்டம் கட்டி எழுதி, சிலவற்றைக் குறுக்கே கோடு போட்டு அடித்திருப்பார்கள். அடித்த நாட்டில் அந்த எஞ்சின் ஓட அனுமதி இல்லை. ஜெர்மனி, சுவிஸ் பாதைகளில் 15,000 வோல்ட் ஏசி மின்சாரம். இத்தாலி, பெல்ஜியத்தில் 3,000 வோல்ட் டிசி. அதனால்தான் எல்லை தாண்டும் எஞ்சின் எல்லா மின்சாரத்துக்கும் பழகியதாக இருக்க வேண்டும். மலைமேலிருந்து பார்த்தால் அதன் கூரையில் நான்கு பேண்டோகிராஃப் (மேல்கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் கைகள்) தெரியும்.

படி 6: காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்

நேர அட்டவணை கூட்ஸுக்குக் கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்கு குறுகல் என்பதால் சத்தம் முன்னாலேயே வந்துவிடும். முன்பு இது இன்னும் அதிகமாக இருந்தது. பழைய இரும்பு பிரேக் கட்டைகள் சக்கரத்தைச் சொரசொரப்பாக்கும், அந்தச் சக்கரம் தண்டவாளத்தில் அலறும். கரையோர ஊர்க்காரர்கள் வருடக்கணக்காகப் போராடினார்கள். 2020 டிசம்பரிலிருந்து அப்படிப்பட்ட வேகன்களுக்கு ஜெர்மன் பாதைகளில் தடை. இப்போது கலவைப் பொருள் கட்டைகள். சத்தம் குறைந்தது அவர்களுக்கு நல்லது. நமக்குத்தான் முன்னறிவிப்பு கொஞ்சம் குறைந்துவிட்டது.

படி 7: செய்யக் கூடாதவை

தண்டவாளத்தில் கால் வைக்கவே கூடாது. ஃபெடரல் போலீஸ் அபராதம் போடும், அதைவிட முக்கியமாக எதிர்த்திசை வண்டி வரும் சத்தம் முதல் வண்டியின் சத்தத்தில் அமுங்கிவிடும். பிளாட்பாரத்தில் கோட்டுக்குப் பின்னால் நில்லுங்கள்; நிற்காமல் போகும் கூட்ஸின் காற்று ஆளையே தள்ளும். டிரைவர் முகத்துக்கு ஃபிளாஷ் அடிக்காதீர்கள். திராட்சைத் தோட்டத்தின் வரப்புப் பாதையில் நடக்கலாம், கொடிகளுக்குள் நுழைய வேண்டாம்.

இரவு தங்குவதாக இருந்தால்

கூட்ஸ் இரவிலும் ஓயாது. ஓட்டல் புக் பண்ணும்போது விமர்சனங்களைப் படியுங்கள். "ரயில் சத்தத்தில் தூக்கமே வரவில்லை" என்று யாராவது ஒரு ஸ்டார் கொடுத்திருந்தால், அந்த அறையின் ஜன்னல் எந்தப் பக்கம் என்று விசாரித்து அதையே கேளுங்கள். கூட வருகிறவருக்கு இதில் ஆர்வம் இல்லையென்றால் பின்பக்க அறை, அப்புறம் காது அடைப்பான்.